மைக்கைப் பங்கு போடாத மனுஷன்

ஒரு சின்ன வேலை பண்ணிப் பாருங்க. அடுத்த தடவை ஐ.பி.எல். மேட்ச் ஓடும்போது போனைக் கவுத்து வெச்சுட்டு சத்தத்தை மட்டும் கேளுங்க. ரெண்டு ஓவர் போதும். பந்து எங்க போச்சு, யார் பிடிச்சாங்க, எத்தனை ரன், எதுவும் புரியாது. கமென்டேட்டர் ஆஹா என்பார், பக்கத்துல இருக்கிறவர் சிரிப்பார், நடுவுல ஒரு மீம் வசனம் வரும். அவங்க மேல தப்பு இல்ல. நீங்க பார்த்துக்கிட்டு இருக்கீங்கன்னு நம்பித்தான் அவங்க பேசறாங்க.

நீங்க பார்க்கலை, பார்க்கவே முடியாது என்று தெரிஞ்சு பேசின ஆட்கள் ஒரு காலத்தில் இருந்தாங்க. நம்ம நாட்டுல அந்த வரிசையில் முதல்ல நிக்கிறவர்களில் ஒருத்தர் பம்பாய்க்காரர், பார்ஸி. முழுப் பேர் அர்தேஷிர் ஃபர்துர்ஜி சொராப்ஜி தல்யார்கான். இவ்வளவு நீளமா யாரும் கூப்பிடல, எல்லாருக்கும் அவர் பாபி. கிரிக்கெட் மேட்ச் முழுசையும், காலையில ஸ்டம்ப் நட்டதிலிருந்து சாயங்காலம் பெயில்ஸ் எடுக்கிற வரைக்கும், தனி ஆளா ரேடியோவில் சொன்னவர். புகழின் உச்சியில் இருக்கும்போதே மைக்கை வெச்சுட்டு எழுந்து போனவரும் அவர்தான்.

அவர் பிறந்தது 1897. அப்போ உலகத்துல ரேடியோ நிலையம் என்று ஒன்றே கிடையாது. மார்க்கோனி கம்பியில்லாத் தந்திக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினதே அந்த வருஷம்தான். ஆக இந்த வேலைக்குப் போகணும்னு சின்ன வயசில் கனவு கண்டவர் என்று பாபியைச் சொல்ல முடியாது. கனவு காண அப்படி ஒரு வேலையே இல்லையே. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கின் கே.டி.கே.ஏ. நிலையம் ஒரு குத்துச்சண்டையை நேரடியா ஒலிபரப்பினது 1921-ல். பி.பி.சி. ஒரு ரக்பி மேட்சோட தன்னுடைய விளையாட்டு வர்ணனையை ஆரம்பிச்சது 1927 ஜனவரியில். அதே 1927 ஜூலையில் பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியோட நிலையம் திறந்தாங்க.

இங்க ஈ.சி.ஈ. மக்களுக்காக ஒரு நிமிஷம். அந்த பம்பாய் டிரான்ஸ்மிட்டரோட சக்தி வெறும் 1.5 கிலோவாட். நல்லா கேட்கிற தூரம் சுமார் 48 கிலோமீட்டர். அதை நம்ம ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுல நட்டதா வெச்சுக்கோங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் கேட்கும், சிவகாசி கேட்கும், சங்கரன்கோவில் கேட்கும். மதுரைக்காரருக்கு வெறும் இரைச்சல்தான். ரேடியோ பிறக்கும்போதே உள்ளூர் சமாச்சாரமாத்தான் பிறந்தது. பாபியோட குரலும் முதல்ல ஒரு ஊர்க் குரல்தான்.

அந்தக் கம்பெனி மூணு வருஷத்துல நஷ்டத்துல மூடிருச்சு, அரசாங்கம் எடுத்துக்கிச்சு. 1936-ல் ஆல் இந்தியா ரேடியோ என்று பேர் வெச்சாங்க. (நம்ம ராஜபாளையம் மில்ஸ் ஆரம்பிச்சதும் அதே வருஷம். சம்பந்தம் எதுவும் இல்ல, சொல்லணும்னு தோணுச்சு.)

பாபி மைக் முன்னாடி உட்கார்ந்தது 1934-ல், பம்பாய் எஸ்பிளனேட் மைதானத்தில், நாற்கோணப் போட்டிக்கு. இது என்ன போட்டின்னு கேட்டா இன்னிக்கு உங்களுக்குக் கொஞ்சம் அதிர்ச்சியா இருக்கும். ஹிந்துக்கள், முஸ்லிம்கள், பார்ஸிகள், ஐரோப்பியர்கள் என்று நாலு டீம். பேரே அதுதான். 1937-ல் இந்தியக் கிறிஸ்தவர்கள் மாதிரி மீதி எல்லாரும் சேர்ந்து மற்றவர்கள் என்ற பேரில் அஞ்சாவது டீமா வந்தாங்க. ஊரே ரெண்டா நாலா பிரிஞ்சு கத்தும். ரஞ்சி கோப்பை ஆரம்பிச்சதும் அதே 1934-ல்தான். முதல் மேட்ச் நம்ம சேப்பாக்கத்துல, நவம்பர் 4, மெட்ராஸும் மைசூரும் ஆடி ஒரே நாள்ல முடிஞ்சு போச்சு. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட். ஆனாலும் கூட்டம் கூடினது ரஞ்சிக்கு இல்ல, பம்பாயோட அந்த மதவாரிப் போட்டிக்குத்தான்.

அந்தக் கூட்டத்தை விடப் பெரிய கூட்டம் மைதானத்துக்கு வெளிய இருந்தது. ரேடியோப் பெட்டி பணக்காரர் வீட்டுப் பொருள். அதுக்கு லைசென்ஸ் வேற எடுக்கணும். இந்த லைசென்ஸ் கதை நம்ம அப்பாக்கள் காலம் வரைக்கும், 1980கள் வரைக்கும், தபால் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டி முத்திரை வாங்கறதா தொடர்ந்தது. அதனால பெட்டி வெச்சிருக்கிற கடை வாசல்ல, ஹோட்டல் வாசல்ல நின்னுதான் பெரும்பாலானவங்க கேட்டாங்க. ஹிந்து டீம்காரரும் முஸ்லிம் டீம்காரரும் ஒரே வாசல்ல, ஒரே குரலைக் கேட்டுக்கிட்டு நின்ற காட்சியை யோசிச்சுப் பாருங்க. யார் அவுட், எப்படி அவுட் என்பதற்கு அவங்க எல்லாருக்கும் இருந்த ஒரே சாட்சி பாபி. அவர் ஒரு பக்கம் சாய்ஞ்சா அங்கேயே அடிதடி ஆரம்பிக்கலாம். ரிப்ளே கிடையாது, அவர் சொன்னதுதான் நடந்தது. காந்தி 1940-ல் இந்த மதவாரி டீம்களை வெளிப்படையா எதிர்த்தார். போட்டி 1946 வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போய் நின்னுச்சு.

அவர் எப்படிப் பேசினார் என்பதற்கு வருவோம். குரல் கனமான, கொழுத்த குரல் என்று கேட்டவங்க எழுதியிருக்காங்க. ஆங்கில வர்ணனைதான். கூட யாரும் இல்ல. நிபுணர் கருத்து சொல்ல பழைய ஆட்டக்காரர் இல்ல. இருபது நிமிஷம் நீ, இருபது நிமிஷம் நான் என்று மாத்திக்கிற ஏற்பாடு இல்ல. சாப்பாட்டு இடைவேளை, டீ இடைவேளை, இந்த ரெண்டுக்கு மட்டும்தான் நிறுத்துவார்.

இதை நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 120 வார்த்தை, நிதானமான வேகம். ஒரு நாள் ஆட்டம் அஞ்சு மணி நேரம்னு குறைச்சு வெச்சாலும் 36,000 வார்த்தை. நம்ம பைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை காப்பி பேஸ்ட் எல்லாம் சேர்த்து எழுதினாலும் அவ்வளவு வராது. அதை எழுதாம, யோசிக்க நேரம் இல்லாம, திருத்த வழி இல்லாம வாயால் சொல்லணும். அடுத்த நாளும் சொல்லணும். 1943-ல் மற்றவர்கள் டீமுக்காக விஜய் ஹசாரே ஹிந்துக்களுக்கு எதிரா ஒரே ஆளா 309 அடிச்சார், டீம் ஸ்கோர் மொத்தம் 387. அது மாதிரி இன்னிங்ஸ் வந்தா சொல்ல விஷயம் இருக்கும். ஆனா கிரிக்கெட்ல பாதி நேரம் ஒண்ணுமே நடக்காது. பவுலர் திரும்பி நடப்பார். பேட்ஸ்மேன் கிளவுஸை இழுத்து விடுவார். ரேடியோவில் ரெண்டு வினாடி மௌனம் வந்தாலே லைன் கட்டாயிருச்சோன்னு கேட்கிறவருக்கு பயம் வந்துரும். இந்த ஒண்ணுமில்லாத நேரத்தை நிரப்பத் தெரிஞ்சவன்தான் வர்ணனையாளன்.

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குப் போயிருக்கீங்களா? கூட்டத்துல பின்னாடி மாட்டினவங்களுக்குத் தேர் தெரியாது, தலைதான் தெரியும். மாடியில நிக்கிற யாராவது கீழ பார்த்துச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. கிளம்பிருச்சு, நின்னுருச்சு, கட்டை போடறாங்க, இந்தா திரும்புது. அந்த மாடி ஆள் சொல்றதை வெச்சுத்தான் கீழ நிக்கிற அம்பது பேர் கையெடுத்துக் கும்பிடுவாங்க. அந்த மாடி ஆளுக்கு மாத்தி விட ஆள் வந்தா என்ன ஆகும்? வர்றவர் அதே மாதிரி பார்ப்பாரா? அவர் கண்ணை நம்பிப் பழகினவங்க புதுக் கண்ணை நம்புவாங்களா? பாபியோட வாழ்க்கையில பெரிய சண்டை வந்தது இந்தக் கேள்வியிலதான்.

சுதந்திரம் வந்தப்போ ஆல் இந்தியா ரேடியோவுக்கு இருந்தது மொத்தமே ஆறு நிலையம்: டெல்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, மெட்ராஸ், திருச்சி. ஆறுல ரெண்டு தமிழ்நாட்டுல! ஆனா நாட்டு மக்கள்ல நூத்துக்கு பதினோரு பேருக்குத்தான் அந்த அலை எட்டுச்சு. புது அரசாங்கத்துக்கு ரேடியோ இனி ஒரு ஊர்ச் சொத்தா இருக்க முடியாது, நாட்டுச் சொத்தா ஆகணும். 1948-49-ல் வெஸ்ட் இண்டீஸ் டீம் முதல் தடவையா இந்தியாவுக்கு டெஸ்ட் ஆட வந்தது. சுதந்திர இந்தியா சொந்த மண்ணுல ஆடற முதல் டெஸ்ட் தொடர். ரேடியோ நிர்வாகம் ஒரு முடிவு எடுத்துச்சு. இனி ஒரு ஆள் வர்ணனை வேண்டாம், மூணு பேர் குழுவா மாத்தி மாத்திச் சொல்லட்டும்.

பாபி சம்மதிக்கல. வயசு அம்பதைத் தாண்டிருச்சு. நாட்டுல அவரை விடத் தெரிஞ்ச விளையாட்டுக் குரல் இல்ல. மைக்கைப் பங்கு போட மாட்டேன் என்று விலகிப் போயிட்டார்.

இந்த இடத்துல நீங்க யார் பக்கம்? முதல் தடவை இதைப் படிச்சப்போ நான் பாபி பக்கம்தான். அரசு ஆபீஸ் ஒரு கலைஞனை நசுக்கிருச்சு என்று கோபம்கூட வந்தது. ரெண்டாவது தடவை யோசிச்சப்போ அவ்வளவு உறுதியா இல்ல. அஞ்சு நாள் டெஸ்ட்டை ஒருத்தர் தொண்டையை நம்பி விடறது ரிஸ்க். ஸ்கோர் கணக்கு பார்க்க ஒருத்தர், நுணுக்கம் சொல்ல ஒருத்தர் இருந்தா கேட்கிறவருக்கு லாபம். புது ஆட்களுக்கு வாய்ப்பு எப்போ வரும்? எல்லாத்தையும் நானே செய்வேன் என்பது திறமையா, தலைக்கனமா? நம்ம ப்ராஜெக்ட் டீம்ல அப்படி ஒருத்தன் இருந்தா நாம என்ன பேசுவோம்னு உங்களுக்கே தெரியும். பாபிகிட்ட தலைக்கனம் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனா மூணு பேர் வந்ததும் ஒண்ணு போச்சு. மூணு பேர் இருந்தா அவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேச ஆரம்பிச்சுருவாங்க. கேட்கிறவர்கிட்ட பேசறது கொஞ்சம் கொஞ்சமா குறையும். இன்னிக்கு நீங்க ஐ.பி.எல்.-ல கேட்கிறது அதோட கடைசி எல்லை.

பாபி இல்லாததால் ரேடியோ நின்னு போகல. கல்கத்தாவிலிருந்து பெர்ரி சர்பாதிகாரி, பியர்சன் சுரிட்டா, டெல்லியிலிருந்து தேவராஜ் புரி என்று வரிசையா வந்தாங்க. 1936-ல் இந்தியக் கேப்டனா இங்கிலாந்து போய், லாலா அமர்நாத்தைப் பாதியில ஊருக்குத் திருப்பி அனுப்பிப் பேர் கெட்டுப்போன விஜயநகரம் மகாராஜகுமார் விஜ்ஜியும் பின்னாடி வர்ணனையாளரா வந்து உட்கார்ந்தார். ஆட்டத்தை விட அவரோட பழைய கதைகள்தான் நிறைய வரும் என்று அவரைக் கிண்டல் பண்ணாதவங்க இல்ல. குழு வர்ணனையில இப்படியும் ஆட்கள் கிடைப்பாங்க. மெட்ராஸ்ல பாலு அளகண்ணன் இருந்தார். 1954-55-ல் மெட்ராஸ் முதல் தடவை ரஞ்சி கோப்பை ஜெயிச்சப்போ கேப்டன் அவர்தான். அப்புறம் மைக் பிடிச்சார். விஜ்ஜிக்குப் பதில் சொல்ல அவர் ஒருத்தர் போதும்.

அப்புறம் மொழி மாறுச்சு. ஹிந்தியில ஜஸ்தேவ் சிங் வந்தார். தமிழ்ல ராமமூர்த்தி, கூத்தபிரான், அப்துல் ஜப்பார். கூத்தபிரானைக் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தின வானொலி அண்ணாவா நிறைய பேருக்குத் தெரியும், அதே குரல்தான் சேப்பாக்கத்துல விக்கெட்டையும் சொன்னது. பொங்கல் சமயத்துல சேப்பாக்கம் டெஸ்ட் வரும்போது தமிழ்நாடே தமிழ்ல கிரிக்கெட் கேட்டது. எங்க தாத்தா மில்லுல ஷிப்ட் பார்த்தவர். 1988 ஜனவரியில ஹிர்வானி முதல் டெஸ்ட்லயே 16 விக்கெட் எடுத்ததை அவர் பார்க்கவே இல்ல, டிரான்சிஸ்டர்ல கேட்டார். ஆனா பந்து எப்படித் திரும்புச்சுன்னு கையை முறுக்கிக் காட்டுவார். நான் யூடியூப்ல அந்த விக்கெட்டெல்லாம் பார்த்துட்டேன். தாத்தா கை காட்டினது கிட்டத்தட்ட சரியா இருந்தது. அதுக்குக் காரணம் தாத்தா இல்ல, சேப்பாக்கத்துல மைக் முன்னாடி உட்கார்ந்திருந்த யாரோ ஒருத்தர்.

பாபி அதுக்கப்புறம் என்ன பண்ணார்? எழுதினார். பம்பாய்ப் பத்திரிகைகள்ல விளையாட்டுப் பத்தி. காரமான பேனா, யாரையும் விட்டு வெக்காத எழுத்து. அதுல ஒரு வேடிக்கை. ஒவ்வொரு பத்தி முடிவிலும் ஸ்டீவ் என்ற ஒருத்தர் பேரைச் சொல்லி, நான் சொல்றது புரியுதான்னு கேட்டு முடிப்பார். அதுவே அவரோட முத்திரை ஆயிருச்சு. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச தகவல். மைக் போன பிறகும் அந்த மனுஷனுக்கு எதிர்ல ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருக்கணும். பேப்பர்ல எழுதினாலும் ஒரு காதைத் தேடினார். 1970களோட தொடக்கத்துல கொஞ்ச நாள் திரும்பவும் மைக் முன்னாடி வந்தார். அப்போ வயசு எழுபத்தஞ்சு. காலம் மாறியிருந்தது, திரும்ப நிலைக்கல.

1990 ஜூலையில் பாபி இறந்தார். தொண்ணூறு வயசு தாண்டிய வாழ்க்கை. ரேடியோவே இல்லாத உலகத்துல பிறந்து, டி.வி. வந்து ரேடியோவை ஓரம் கட்டினதையும் பார்த்துட்டுப் போயிட்டார். அவர் போன பிறகு அந்த ஓரம் இன்னும் சின்னதாச்சு. கேபிள் வந்தது, ஒளிபரப்பு உரிமையைக் கோடிகள்ல ஏலம் விட்டாங்க, அப்புறம் போன் வந்தது. 2017-ல் தமிழுக்கென்றே தனி ஸ்போர்ட்ஸ் சேனல் வந்தப்போ அதுல பேச வந்தவங்கள்ல ஒருத்தர் ஆர்.ஜே. பாலாஜி. ரேடியோவிலிருந்து வந்தவர்தான், ஆனா ரேடியோவில் மேட்ச் சொல்லிப் பழகி வந்தவர் இல்ல. அந்த வேலை அதுக்குள்ள காணாமப் போயிருந்தது. அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் 2020-ல் ஒரே வருஷத்துல போனாங்க.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, எனக்கும் போன மாசம் வரைக்கும் தெரியாது. தனியார் எப்.எம். நிலையங்களுக்கு 2011-ல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கைப்படி பெரிய மேட்சை நேரடியா ஒலிபரப்பக் கூடாது. ஆனா உள்ளூர் விளையாட்டுன்னா நேர்முக வர்ணனை பண்ணிக்கலாம் என்று அதுலயே இடம் விட்டிருக்காங்க. அதாவது நம்ம பக்கத்துக் கபடி, வாலிபால் எல்லாம் சட்டப்படி ரேடியோவில் வரலாம். நம்ம பக்கம் காத்துல கோடை பண்பலை 100.5 வருது, திருநெல்வேலி, மதுரை நிலையங்கள் வருது. எதுலயும் நான் இதுவரைக்கும் ஒரு கபடி மேட்ச் கேட்டதில்ல. கேட்டவங்க இருந்தா எடிட்டருக்கு எழுதுங்க, அடுத்த இதழ்ல திருத்திப் போட்டுருவோம்.

போன பங்குனியில் எங்க ஊர்ப் பக்கம் ஒரு கோயில் பொங்கலுக்கு இரவு நேரக் கபடி நடந்தது. ஹாஸ்டல்ல இருந்து நாலு பேர் போயிருந்தோம். கூட்டத்துல கோர்ட் சரியாத் தெரியல. மைக் செட்டுக்காரர் பக்கத்துல ஒரு அண்ணன், வயசு நாற்பது இருக்கும், ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பிச்சார். ரெய்டு போறவன் பேர், அப்பன் பேர், ஊர், போன வருஷம் எத்தனை பாயின்ட், எந்தக் கால்ல அடிபட்டுச்சு, எல்லாம் சொன்னார். ஆட்டம் நிக்கும்போது டார்ச் பிடிச்சு நன்கொடை கொடுத்தவங்க லிஸ்ட்டைப் படிச்சார். குரல் கம்மிப் போச்சு. மாத்தி விடறேன்னு ஒரு பையன் ரெண்டு தடவை வந்து பக்கத்துல நின்னான். அண்ணன் தலையை ஆட்டி அனுப்பிட்டார். பைனல் முடிய விடியக்காலம் மூணு மணி ஆச்சு, இடைவேளையில மட்டும்தான் டீ குடிச்சார்.